துவைக்கப் போட்ட பெருமை

முதலில் யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவில் பாதி முடிவு உட்காரும்போதே ஆகிவிடும்.

நாம்கோல் ஊர்க்கூடத்தில் இருப்பது ஒரே ஏசி. அதன் குளிர் நேராக முகத்தில் படும் இடத்தில் தலைவர் மா இன்சொக். அவருடைய மூத்த மகன் சியோலில் பெரிய கம்பெனி ஒன்றில் துறைத் தலைவர். ஊர் வாசலில் தொங்கும் பேனர்களில் அவனுடையதுதான் பழையது, நீளமானது. வலப்பக்கம், குளிர் கன்னத்தில் படும் இடத்தில், மாதர் சங்கத் தலைவி சா குமொக். அவருடைய மருமகன் பல் டாக்டர். மகன் டாக்டராக இருந்தால் முகம், மருமகன் என்பதால் கன்னம். இடப்பக்கம் ஆலோசகர் தோ சங்ஹியோன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இரண்டு மகள்களும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்தான். ஆனால் இருவருமே இலக்கியத்தில் வாங்கிவிட்டதால் அவருக்குக் குளிர் முதுகில் மட்டும். கூடத்தின் நடுவில், குளிர் வருகிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் இடத்தில், அன்று மனு கொடுத்திருந்த பியோ தொக்சூ. பூண்டு பயிரிடுகிறவர். இரண்டாவது மகள் யூன்சில் அரசுப் பணித் தேர்வில் கடைசி நிலை எழுத்தர் வேலைக்குத் தேறிய வகையில் அவருக்கு ஒரு பேனர் உண்டு. செருப்பு அலமாரியை ஒட்டி நான். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. யார் பக்கமும் சாய மாட்டேன் என்று அதனாலேயே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பேனரே இல்லாத குடும்பத்தாருக்குக் கூடத்தில் இடம் இல்லை. அவர்கள் வெளியே மரத்தடியில் காற்று வாங்கலாம். அங்கே கூடத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்று கேள்வி. குழு இதை ஏற்கவில்லை.

எங்கள் குழுவின் முழுப்பெயர் நாம்கோல் ஊர்ப் பெருமை அறிவிப்புப் பேனர் பரிசீலனைக் குழு. வேலை சுலபம். ஊர்ப்பிள்ளை எவனாவது தேர்வில் தேறினால், பதவி உயர்ந்தால், பட்டம் வாங்கினால், ஊர் வாசல் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே துணிப் பேனர் கட்டி உலகத்துக்குச் சொல்வது. உலகம் என்றால் நாளைக்கு நாலு தடவை வரும் பஸ். வருஷக்கணக்கில் கட்டிக்கட்டி, கம்பங்கள் இரண்டும் பாரம் தாங்காமல் உள்பக்கம் சாய்ந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கும்பிடுவதுபோல் நிற்கின்றன.

பேனரில் அப்பா பெயர் பெரிய எழுத்தில் வரும். பிள்ளை பெயர் அதில் பாதி. சாதனை அதிலும் பாதி. அம்மா பெயர் வராது. யூன்சிலின் அம்மா ஓ மால்சுன் முதன்முதலாக மகளின் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெத்தவ பேரு இல்ல, அச்சடிச்சவன் போன் நம்பர் இருக்கு" என்று சொன்னதாகக் குறிப்பில் ஏறவில்லை. நான் ஏற்றவில்லை.

பொடிக்காபி கலந்த காகிதக் கப்புகள் வந்தன. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சொல்லு யூன்சில் அப்பா. பெரிய பொண்ணுக்கு ஏதாவது பதவியா?"

"இல்லீங்க தலைவரே. அந்த பேனரை எறக்கணும்."

"எறக்கிட்டு? புதுசு ஏத்தவா?"

"இல்லீங்க. சும்மா எறக்கணும்."

தலைமை ஆசிரியர் உடம்பைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தார். அவர் திரும்பினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பியோ தொக்சூ நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகள் குளிர்காலத்திலேயே அரசு வேலையை விட்டுவிட்டாள். இப்போது புசானில் நாய்க்கு முடி வெட்டும் கடையில் இருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாள். ஆனால் புது வருஷத்துக்கு ஊருக்கு வரவில்லை. சூசொக் அறுவடைப் பண்டிகைக்கும் வரமாட்டாளாம்.

"ஏனாம்?"

"போன்ல சொல்றா: 'அப்பா, அந்த பேனர் தொங்குற வரைக்கும் நான் அதுக்குக் கீழ நடந்து வர மாட்டேன். எல்லாரும் மேல ஒரு தடவ பாப்பாங்க, அப்புறம் என் மூஞ்சிய பாப்பாங்க'ன்னு. அதான். அவ வரணும். வேற ஒண்ணும் வேண்டாங்க."

சா குமொக் கப்பைக் கீழே வைத்தார். "நாய்க்கு முடி வெட்டுறதா?"

"பூனைக்கும் வெட்டுவா."

"பூனை விடுமா?"

"இவ கிட்ட விடுதாம்."

இதைப் பேனரில் போடலாமா என்று ஒரு கணம் எல்லோரும் யோசித்ததுபோல் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் விதிமுறைகளைப் புரட்டினேன். ஏற்றுதல் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது: துணியின் நீளம், கயிற்றின் கனம், எவன் பேனர் எவன் பேனருக்கு மேலே, மழைக்காலத்தில் ஏற்றுதல், துக்க வீட்டார் ஏற்றுதல். இறக்குதல் பற்றி ஒரு வரி இல்லை. நினைவு தெரிந்து எங்கள் ஊரில் பேனரை இறக்கியது புயல் மட்டும்தான். அதற்கும் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

தலைவர் எழுந்து நின்றார். அவர் நின்றால் குளிர் யாருக்கும் வராது.

"இத பாரு தொக்சூ. உன் பொண்ணு வேலைய விட்டா. சரி. யார கேட்டு விட்டா? அவ தேறினப்போ ஊரே தேறிச்சு. எல்லாரும் கடன் அடைஞ்ச மாதிரி சந்தோஷப்பட்டோம். மூணு பன்னி அடிச்சோம். பரீட்சையில பாஸானது ஊரு. ராஜினாமா பண்ணது உன் பொண்ணு ஒருத்தி. ஊரு இன்னும் ராஜினாமா பண்ணலையே! ஊரு இன்னும் அந்த ஆபீஸ்ல உக்காந்துதான் இருக்கு!"

கைதட்டினோம். பியோ தொக்சூவும் தட்டினார். பழக்கம்.

"அப்ப அவ எப்படிங்க வருவா?" என்றார் தட்டி முடித்துவிட்டு.

அந்தக் கேள்விக்கு விதிமுறையில் இடம் இல்லை. தலைமை ஆசிரியர்தான் வழி சொன்னார். வெறுமனே இறக்க முடியாது. ஆனால் அதே வீட்டில் அதைவிடப் பெரிய சாதனை ஒன்று இருந்தால் அதை ஏற்றுவதற்காக இதை இறக்கலாம். ஏற்றுதலின் ஒரு பகுதியாகவே இறக்குதல் வந்துவிடும். "இலக்கணமா பாத்தாலும் சரிதான்" என்றார். எதன் இலக்கணம் என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, பியோ வீட்டில் வேறு என்ன பெருமை இருக்கிறது என்று பார்க்கக் குழு நேரில் போனது.

முற்றத்தில் பூண்டு குவிந்திருந்தது. நால்வரும் மர மேடையில் உட்கார்ந்தோம். மால்சுன் தக்காளியில் சர்க்கரை தூவிக் கொண்டுவந்து வைத்தார்.

"பெரிய பொண்ணு?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"மளிகைக் கடை வெச்சிருக்கா."

"எத்தனை மாடி?"

"தரையில தாங்க."

அடுத்து மால்சுனின் பாட்டு. மாவட்டப் பாட்டுப் போட்டியில் அவர் ஆறுதல் பரிசாக அரிசிக் குக்கர் வாங்கியவர். குக்கரை வரவழைத்துப் பார்த்தோம். ஓடியது. ஆனால் ஆறுதல் என்ற சொல்லைப் பேனரில் போட்டால், ஊருக்கு ஆறுதல் தேவைப்பட்டது என்று வெளியூர்க்காரன் நினைப்பான் என்றார் தலைமை ஆசிரியர்.

அடுத்து பியோவின் காளை. மாவட்டக் கால்நடைக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு.

"முதல் பரிசு யாருது?"

"பக்கத்து ஊர்க்காரனோடது."

"அப்ப அத நாமளே விளம்பரம் பண்ண முடியாது. காளை இப்ப எங்க?"

"வித்துட்டேங்க. கறிக்குப் போயிருக்கும்."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "யாரு சாப்பிட்டா?"

"தெரியாதுங்களே."

"விசாரிச்சுப் பாரு. அமைச்சர் அளவுல யாராவது சாப்பிட்டிருந்தா வேற மாதிரி பாக்கலாம்."

கடைசியாக, பியோ தொக்சூ சொந்தமாக ஏதாவது சாதித்திருக்கிறாரா என்று கேட்கப்பட்டது. அவர் பூண்டுக் குவியலைப் பார்த்தார். "எனக்கு யார் கிட்டயும் சண்டை இல்லீங்க" என்றார். நான் அதை எழுதி, தலைவர் பார்த்ததும் அடித்தேன்.

திரும்பும்போது மால்சுன் வாசலில் நின்று கேட்டார்: "ஏங்க, இவ்வளவு பேரு வந்தீங்களே, பொண்ணு நல்லாருக்காளான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அது குழு வேலை இல்லம்மா" என்றார் தலைவர், வருத்தமாகத்தான்.

சந்தைக்குப் போக நான் முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு காலையில், பியோ தொக்சூ ஏணியோடு வந்தார். இடுப்பில் அரிவாள். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நான் செயலாளர், கூட்டம் நடக்காதபோது எனக்குக் கண் கிடையாது. அவர் ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறினார். அரிவாளைக் கயிற்றின் மேல் வைத்த நேரத்தில் தலைவர் வந்தார்.

தலைவர் தினமும் அந்த நேரத்துக்கு வருவார் என்பது எனக்குத் தெரியும். பியோவுக்குத் தெரியாது. தன் மகன் பேனருக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். வெயிலில் அதன் எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. அப்பா பெயர் மட்டும் பெரிய எழுத்து என்பதால் மிச்சம். மகன் பெயரை அவரே வருஷா வருஷம் தூரிகையில் மை தொட்டு மேலே எழுதுவார். பதவியை எழுத வந்தபோது மை தீர்ந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக அதை எழுதவில்லை.

"யாரு, தொக்சூவா?" அண்ணாந்து பார்த்தார். பியோ அசையவில்லை. "கயிறு தளந்துடுச்சா? சொல்லாமலே வந்து கட்டறே பாரு! இதான்யா ஊர்ப்பற்று. இரு, ஏணிய நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டார். ஏணியில் இருந்தவருக்கு வேறு வழி இல்லை. அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு, மகளின் பேனர் கயிற்றை இறுக்கிக் கட்டினார். புயலுக்கும் அவிழாத முடிச்சு.

"அப்படியே என் பையனோடதையும் கொஞ்சம் பாத்துடு. எனக்கு முட்டி முடியல."

அதையும் இறுக்கினார்.

"மேலேர்ந்து பாத்தா எப்படித் தெரியுது?" என்று தலைவர் கீழிருந்து கேட்டார்.

"பின்பக்கம்தாங்க தெரியுது. ஒண்ணும் எழுதலை."

"அது சரி." தலைவர் ஏணியை விடவில்லை. "அவனுக்கு வேலை ஜாஸ்தி. அஞ்சாறு சூசொக்கா வர முடியல. இது இருக்கு. காத்தடிச்சா இங்கேர்ந்தே தலையாட்டும். போன் பண்ணா எடுக்கலையேன்னு இத ஒண்ணும் சொல்ல முடியாது பாரு."

பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன்.

பண்டிகைக்கு முந்தின வாரம் இரண்டாவது கூட்டம். இருக்கைகளில் மாற்றம் இல்லை. பக்கத்துச் சமையலறையில் பெண்கள் வெங்காயத்தாள் அடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் புகை ஏசிக் காற்றோடு கலந்து தலைவர் முகத்தில் முதலில் பட்டது.

பியோ வீட்டில் தகுதியான பெருமை எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கையை வாசித்தேன். மனு தள்ளுபடி என்று சொல்லத் தலைவர் வாயைத் திறந்தார். சமையலறைக் கதவு திறந்தது. மால்சுன், கையில் தோசைத்திருப்பியோடு.

"ஒண்ணு கேக்கறேன். இந்த ஊர்ல அரசு வேலைய தானா விட்டவங்க யாராவது இருக்காங்களா?"

தலைவர் தலைமை ஆசிரியரைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் யோசித்தார். "ஓய்வு பெற்றவங்க இருக்காங்க. செத்தவங்க இருக்காங்க. ஒருத்தர லஞ்சத்துல அனுப்பினாங்க. தானா... யாரும் இல்ல."

"அப்ப என் பொண்ணுதான் முதல்."

முதல் என்ற சொல் எங்கள் குழுவில் என்ன செய்யும் என்பது வெளியாருக்குத் தெரியாது. விதிமுறையின் ஆரம்பத்திலேயே இருக்கிறது: ஊர் வரலாற்றில் முதலாவதாக நிகழும் எதுவும், எதுவாயினும், பேனருக்கு உரியது. முதன்முதலில் விமானத்தில் போனவருக்கு ஒன்று கட்டினோம். அவர் விமானத்தில் வாந்தி எடுத்ததையும் முதல் என்று சேர்க்கச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

"வரலாற்றில் முதன்முறையாக!" என்று தலைமை ஆசிரியர் முழுவதும் திரும்பி உட்கார்ந்தார். "தன் சொந்த விருப்பத்தால் அரசுப் பணியைத் துறந்த நாம்கோல் பெண்!"

"துறந்தன்னா சாமியார் மாதிரி இருக்கு" என்றார் சா குமொக். "உதறிய."

"உதறிய! அருமை!"

"ரெண்டு மடங்கு நீளம்" என்றார் தலைவர். "போட்டோவோட. பக்கத்து ஊர்ல ராஜினாமா பண்ணவனே கிடையாது, எனக்குத் தெரியும். நாய் முடி வெட்டுற கத்தரிக்கோலக் கையில வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

தீர்மானம் நிறைவேறப் போகிறது. மால்சுன் தோசைத்திருப்பியோடு நின்றார், தான் என்ன செய்துவிட்டோம் என்று மெல்லப் புரிந்தவராக. பியோ தொக்சூ முழங்காலில் எழுந்து கூடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"வேண்டாங்க. தலைவரே, அண்ணே, வேண்டாங்க. அவ சாகற வரைக்கும் வரமாட்டா. அவளுக்கு முதலும் வேண்டாம் கடைசியும் வேண்டாம். பஸ்ஸ விட்டு எறங்கி, பைய எடுத்துக்கிட்டு, வீட்டுக்கு நடந்து வரணும். அவ்வளவுதான். அதுக்கு எங்க வீட்டுல எதுவுமே சாதிக்காம இருக்கணும்னா, நாங்க சாதிக்கலீங்க."

சமையலறையில் அடை தீயும் வாசனை வந்தது; யாரோ அடுப்பை அணைத்தார்கள். இந்த இடத்தில் தலைவர் ஒரு பேருரை ஆற்றுவார் என்று எதிர்பார்த்துப் பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஏசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இந்த ராஜினாமாவுக்குப் பேனர் உண்டுன்னு வெச்சுக்கோங்க. அவனா விடல, கம்பெனிக்காரங்களா அனுப்பிச்சிட்டாங்கன்னா... அது சேருமா? ரெண்டு வருஷம் முன்னாடின்னா?"

தலைமை ஆசிரியர் சாதனையின் இலக்கணம் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

"பொதுவா கேட்டேன்" என்றார் தலைவர்.

"பொதுவாத்தான்" என்றோம் எல்லோரும்.

சா குமொக் எங்கள் குழுவில் இருப்பது மருமகனின் தயவால் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் காலி கப்பை நசுக்கிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்: "பண்டிகை வருது. பேனர் எல்லாம் என்ன அழுக்கு! பஸ் புகை, குருவி எச்சம். வெளியூர்க்காரங்க பாத்தா, இந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லையான்னு கேப்பாங்க. துவைக்கணும்."

"துவைக்க எறக்கணுமே" என்றார் தலைமை ஆசிரியர்.

"கம்பத்துல வெச்சா துவைப்பீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விதிமுறையைப் புரட்டினேன். துவைத்தல் பற்றித் தடை எதுவும் இல்லை. எவ்வளவு நேரத்தில் காய வேண்டும் என்றும் இல்லை.

"எல்லாத்தையும் துவைக்கறதா?" என்று பியோ மெல்லக் கேட்டார்.

"ரொம்ப அழுக்கானது மட்டும்." சா குமொக் தலைவரைப் பார்க்காமல் சொன்னார். "யூன்சிலோடது. அப்புறம்... இன்னும் ஒண்ணு ரெண்டு."

"என் பையனோடது பழசு" என்றார் தலைவர். "அதுலதான் அழுக்கு ஜாஸ்தி."

துவைத்தல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது; அதற்காகப் பேனர் வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பியோ தொக்சூ ஏணி போட்டார். முடிச்சு அவர் போட்டதே. அவிழ்க்க வெகுநேரம் ஆனது. அரிவாள் போதாமல் என் பேனாக்கத்தியும் தேவைப்பட்டது. தலைவர் ஏணியைப் பிடித்தார். இரண்டு பேனரும் கீழே விழுந்ததும் கம்பங்கள் லேசாக நிமிர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெண்கள் ஓடையில் அலசி, ஊர்க்கூடத்து முற்றத்தில் விரித்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே மிளகாய்ப் பழம் பரப்பினார்கள். மிளகாய் காய இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை துணியை எடுக்க முடியாது. சிவப்புக்கு அடியில் பியோ தொக்சூவின் பெயர் பாதி தெரிந்தது. அச்சுக்கடையின் போன் நம்பர் முழுசாகத் தெரிந்தது.

அறிவிப்புக் கடிதங்களை எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம் புசானுக்கு: தங்கள் பேனர் பராமரிப்பின் பொருட்டு இறக்கப்பட்டுள்ளது என்பதையும், வானிலை ஈரமாக இருப்பதால் பண்டிகைக்குள் காய வாய்ப்பில்லை என்பதையும் குழு அறிவித்துக்கொள்கிறது. மால்சுன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இதுல அம்மான்னு ஒரு வார்த்தை போடக் கூடாதா?"

போட்டேன். "அம்மா சோங்பியோன் கொழுக்கட்டை பிடித்து வைத்திருக்கிறாள். நாய் இருந்தால் அதையும் கூட்டி வரவும்" என்று குழுவின் சார்பில் சேர்த்தேன்.

இரண்டாவது கடிதம் சியோலுக்கு. தலைவர் எதிரே உட்கார்ந்து விலாசம் சொன்னார். கம்பெனி பெயர், கட்டடம், மாடி எல்லாம் மனப்பாடம். நான் உறையில் எழுத ஆரம்பித்தேன். கை நீட்டித் தடுத்தார்.

"அது வேண்டாம். வீட்டு விலாசம் போடு."

"துறைத் தலைவர் அவர்களுக்குன்னு?"

"பேரு மட்டும் போதும்."

வேறு உறை எடுத்தேன். கடிதத்தை அவரே வாசித்தார். பேனர் துவைக்க இறக்கப்பட்டது, காய நாளாகும் என்ற வரியில் வெகுநேரம் நின்றார். "நல்லா அழுத்தி எழுது. ரொம்ப நாளாகும்னு" என்றார். அழுத்தி எழுதினேன்.

குழுவின் சிவப்பு முத்திரையை இரண்டிலும் குத்தி, உறையின் மடிப்பில் பசை தடவி ஒட்டினேன். பியோ ஒன்றை வாங்கி மேலும் ஒருமுறை விரலால் அழுத்தினார். தலைவர் மற்றதை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் பஸ் நிறுத்தம் வரை வந்து, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நின்றது. அவர் மேலே, அந்த நீளமான பழைய பேனர் இருந்த இடத்தைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"ஏங்க," என்று எங்களைப் பார்த்துக் கத்தினார், "இது நாம்கோல் தானா?"

"அதேதான், வாங்க" என்று தலைவர் இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினார். முட்டி முடியாத மனுஷர்.